அர்ச். சவேரியார்: பட்டம் பெரிதா, மனிதர் பெரிதா?



அர்ச். பிரான்சிஸ்கு சவேரியாரை அறியாத கிறிஸ்தவக் குடும்பம் தமிழ்நாட்டில் இராது. நம் வீடுகளில் சவேரியார் உண்டு, சவேரியம்மாள் உண்டு, சவரிமுத்து உண்டு. கோட்டாற்றில் அவர் பெயரால் பேராலயம் இருக்கிறது. பாளையங்கோட்டையில் 1923-ம் ஆண்டு முதல் அவர் பெயரால் ஒரு பெரிய கல்லூரி நடந்து வருகிறது. டிசம்பர் 3-ந் தேதி அவர் திருநாள். கையில் பாடுபட்ட சுரூபம் ஏந்தியவராக அவரை எத்தனையோ படங்களில் பார்த்து வணங்கியிருக்கிறோம்.

ஆனால் ஒரு விஷயத்தை நாம் மறந்துவிடுகிறோம். அந்தப் படத்தில் இருக்கிறவர் முதலில் ஒரு கல்லூரி ஆசிரியர். படித்து முன்னுக்கு வரவேண்டும், நல்ல பதவியில் அமரவேண்டும், இழந்துபோன குடும்ப மதிப்பை மீட்கவேண்டும் என்று இரவும் பகலும் நினைத்துக்கொண்டிருந்தவர். இந்த நினைப்பு நமக்குப் புதிதல்லவே! விடியற்காலையில் நம் பிள்ளைகளை எழுப்பிப் புத்தகத்தின் முன் உட்கார வைக்கும்போது நம் மனதில் ஓடுவதும் இதுதானே? ஆகையால் அந்த மகானுடைய வாழ்க்கையை இன்று இந்தப் பக்கத்திலிருந்து சற்றே பார்ப்போம்.

இடிக்கப்பட்ட கோட்டை

சவேரியார் 1506-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி பிறந்தார். ஸ்பெயினுக்கு வடக்கே அந்நாளில் தனி இராச்சியமாயிருந்த நவார் தேசந்தான் அவருடைய சொந்த நாடு. பிறந்த இடம் தாய்வழி வந்த ஒரு கோட்டை. அந்தக் கோட்டையின் பெயரே அவருக்கும் பெயராயிற்று. தகப்பனார் சட்ட சாஸ்திரத்தில் பெரிய பண்டிதர். இத்தாலி தேசத்துப் பொலோஞ்ஞா சர்வகலாசாலையில் பட்டம் பெற்றவர். நவார் அரசனுடைய ஆலோசனைச் சபைக்குத் தலைவர். பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தவர் நம் சவேரியார்.

இப்படிப்பட்ட வீட்டில் துன்பம் புகுந்தது. 1512-ம் ஆண்டில் காஸ்தீல் நாட்டுப் படைகள் நவாரைப் பிடித்துக்கொண்டன. 1515-ம் ஆண்டில் தகப்பனார் காலமானார். மறு வருஷம் அரசாங்கத்தின் ஆட்கள் வந்து கோட்டையின் கோபுரங்களையும் மதில்களையும் இடித்துத் தள்ளினார்கள். பத்து வயதுச் சிறுவன் தாயின் அருகில் நின்று தன் வீடு இடிபடுவதைப் பார்த்தான். மூத்த சகோதரர்கள் நாட்டை மீட்கப் போருக்குப் போனார்கள், தோல்விதான் கண்டார்கள். குடும்பத்தின் வருமானம் சுருங்கியது.

எஞ்சியிருந்த வழி கல்வி ஒன்றுதான். வாள் எடுத்த அண்ணன்மார் அடையாததை, புத்தகம் எடுத்த தம்பி அடையவேண்டும் என்று குடும்பம் எண்ணியது. 1525-ம் ஆண்டில், பத்தொன்பது வயதில், சவேரியார் பாரீஸ் நகரத்துக்குப் புறப்பட்டார். தாயார் 1529-ம் ஆண்டில் இறந்துபோனார். மகன் அதன் பின் சொந்த ஊருக்குத் திரும்பி வந்து வாழவேயில்லை.

பாரீஸ் நகரத்து ஆசிரியர்

அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் கல்வி என்றால் பாரீஸ். சவேரியார் சாந்த் பார்ப் கல்லூரியில் சேர்ந்தார். புத்தி கூர்மையுள்ளவர், ஓட்டத்திலும் தாண்டுதலிலும் பேர் எடுத்தவர், மகிழ்ச்சியாகப் பழகுகிறவர். அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர் பேதுரு பாபர். இவர் சவோய் மலைநாட்டில் ஆடு மேய்த்த குடும்பத்துப் பிள்ளை. கோட்டையில் பிறந்தவரும் ஆட்டுக்கிடையில் வளர்ந்தவரும் ஒரே அறையில் படித்து ஒரே சமயத்தில் பட்டம் வாங்கினார்கள். அந்த இடையர் மகன் 2013-ம் ஆண்டில் அர்ச்சியசிஷ்டவர் பட்டத்துக்கு உயர்த்தப்பட்டார்.

1530-ம் ஆண்டில் சவேரியார் முதுகலைப் பட்டம் பெற்றார். உடனே பொவே கல்லூரியில் அரிஸ்தோத்தில் என்ற கிரேக்க ஞானியின் தத்துவ சாஸ்திரத்தைக் கற்பிக்கும் ஆசிரியராக அமர்ந்தார். அதோடு நிற்கவில்லை. தம் சொந்த நாட்டுப் பம்ப்லோனா பேராலயத்தில் வருமானமுள்ள ஒரு குருப்பட்டப் பதவியை மனதில் வைத்து, தமது உயர்குடிப் பிறப்புக்குச் சான்று கேட்டு 1531-ம் ஆண்டில் மனுவும் செய்தார். வழி தெளிவாயிருந்தது. இன்னும் சில வருஷம் பொறுத்தால் படிப்புக்குப் பலன், பெயருக்குப் பதவி, பதவிக்குப் பணம்.

இந்த நேரத்தில் ஒருவர் நொண்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

அர்ச். இஞ்ஞாசியார் 1529-ம் ஆண்டில் அதே அறைக்குக் குடிவந்தவர். வயதில் சவேரியாருக்குப் பதினைந்து வருஷம் மூத்தவர். பிச்சையெடுத்துப் படித்தவர். 1521-ம் ஆண்டில் பம்ப்லோனா கோட்டையைக் காத்து நின்றபோது பீரங்கிக் குண்டுபட்டுக் கால் முறிந்தவர். அந்தப் போரில் சவேரியாரின் அண்ணன்மார் எதிர்ப்பக்கத்தைச் சேர்ந்தவர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். சவேரியாருக்கு இந்த மனிதரைப் பிடிக்கவில்லை. அவருடைய கிழிந்த உடையையும் பக்திப் பேச்சையும் பரிகாசம் செய்தார்.

இஞ்ஞாசியார் கோபப்படவில்லை, தர்க்கம் செய்யவுமில்லை. புது ஆசிரியருக்கு மாணவர்கள் வேண்டுமல்லவா? அவர்களைத் தேடிக் கொண்டுவந்து சேர்த்தார். கையில் பணம் குறைந்தபோது உதவி செய்தார். இவ்வளவும் செய்துகொண்டே சேசுநாதர் சுவிசேஷத்தில் கேட்ட ஒரு கேள்வியைச் சமயம் வாய்த்தபோதெல்லாம் நினைப்பூட்டினார். உலகமெல்லாம் கைவசமான ஒருவன் தன் ஆத்துமத்தை இழந்தால் அவனுக்கு மிஞ்சுவது என்ன என்ற கேள்விதான் அது. தத்துவ சாஸ்திரத்தில் எந்தக் கேள்விக்கும் விடை சொல்லக்கூடிய ஆசிரியருக்கு இந்த ஒரு கேள்விக்கு விடை சொல்ல முடியவில்லை.

மூன்று நான்கு வருஷம் போராட்டம். பின் சவேரியார் பணிந்தார். 1534-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி, தேவமாதாவின் மோட்சாரோபணத் திருநாளன்று, பாரீசுக்கு வெளியே மோன்மார்த்தர் குன்றிலிருந்த சிறு கோவிலில் ஏழு நண்பர்கள் கூடினார்கள். அவர்களுக்குள் அப்போது குருவானவராயிருந்தவர் பேதுரு பாபர் ஒருவரே. அவர் பூசை செய்ய, மற்றவர்கள் ஏழ்மையிலும் கற்பிலும் வாழ்வதாக வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். சவேரியார் கேட்டிருந்த உயர்குடிச் சான்று 1536-ம் ஆண்டில் பிறந்தது. அந்த வருஷக் கடைசியிலேயே அவர் தம் நண்பர்களோடு பாரீசை விட்டுக் கால்நடையாகப் புறப்பட்டுவிட்டார். சான்றுக்கு இனி வேலை இல்லாமற் போயிற்று.

வெனீஸ் நகரத்தில் தீராத நோயாளிகளுக்கென்றிருந்த மருத்துவமனையில் அவர் வேலை செய்தார். பாரீசில் அரிஸ்தோத்திலை விளக்கிய அதே மனிதர் அங்கே புண்களைக் கழுவினார், படுக்கைகளைச் சுத்தம் செய்தார். அருவருப்பு வந்தது, அதை அடக்கிக்கொண்டு செய்தார். 1537-ம் ஆண்டு ஜூன் 24-ந் தேதி அதே நகரத்தில் குருப்பட்டம் பெற்றார்.

வேறொருவருக்குப் பதிலாக

இந்தியாவுக்கு வரவேண்டுமென்று முதலில் குறிக்கப்பட்டவர் சவேரியார் அல்ல. போர்த்துக்கல் அரசர் மூன்றாம் ஜான் குருக்கள் வேண்டுமென்று கேட்டபோது வேறொரு தோழர் நியமிக்கப்பட்டார். அவர் நோயில் விழுந்தார். ரோமாபுரியில் இஞ்ஞாசியாருக்குக் கடிதம் எழுதும் வேலையில் உதவிக்கொண்டிருந்த சவேரியார் அழைக்கப்பட்டார். ஆயத்தம் செய்ய இரண்டு நாள்கூட இல்லை. பழைய அங்கியைத் தைத்து உடுத்திக்கொண்டு 1540-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் புறப்பட்டுவிட்டார்.

1541-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி, தமது முப்பத்தைந்தாவது பிறந்த நாளில், லிஸ்பன் துறைமுகத்தில் கப்பலேறினார். பாப்பரசரின் பிரதிநிதி என்ற உயர்ந்த பதவி அவருக்கு இருந்தது. ஆகவே ஒரு வேலைக்காரனையாவது அழைத்துச் செல்லும்படி அரசரின் மந்திரி வற்புறுத்தினார். இவ்வளவு பெரியவர் கப்பலின் தளத்தில் தம் துணியைத் தாமே துவைத்தால் மதிப்புக் குறையுமே என்பது அவர் கவலை. சவேரியார் மறுத்துவிட்டார். குளிருக்கு ஆடையும் சில புத்தகங்களும் மட்டும் ஏற்றுக்கொண்டார். கோவா வந்து சேரப் பதின்மூன்று மாதம் ஆயிற்று. வழியெல்லாம் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். தம் துணியையும் தாமே துவைத்தார்.

1542-ம் ஆண்டு மே 6-ந் தேதி கோவாவில் இறங்கினார். அங்கேயும் அவர் தங்கிய இடம் மருத்துவமனைதான்.

பண்டிதர் மறுபடியும் பாலனானார்

அந்த வருஷமே அவர் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தார். கன்னியாகுமரி முதல் தூத்துக்குடிக்கு அப்பால் வரையுள்ள கடற்கரை ஊர்களில் வாழ்ந்த பரதவ மக்கள் 1535-ம் ஆண்டு தொடங்கி ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். முத்துக்குளிக்கும் உரிமைக்காக நேர்ந்த சண்டையில் போர்த்துக்கீசரின் பாதுகாப்பு அவர்களுக்குத் தேவைப்பட்டது. ஞானஸ்நானம் கிடைத்தது, கற்பிக்க ஆள் கிடைக்கவில்லை. கடலிலிருந்து அவர்கள் மூச்சை அடக்கி எடுத்துவந்த முத்துக்களைத் தேடி வியாபாரிகள் எங்கிருந்தெல்லாமோ வந்தார்கள். அவர்களுடைய ஆத்துமத்தைத் தேடி வந்தவர்கள் இல்லை.

சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. கோவாவில் படித்துக்கொண்டிருந்த தமிழ் வாலிபர்கள் சிலர் துணைக்கு வந்தார்கள். போர்த்துக்கீசும் தமிழும் அறிந்த ஊரார் சிலரையும் சேர்த்துக்கொண்டு பல நாள் பாடுபட்டு, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கற்பனைகள், பரமண்டல மந்திரம், அருள் நிறை மந்திரம் ஆகியவற்றைத் தமிழில் அமைத்தார். பின் அவற்றை ஒரு சிறு பிள்ளையைப்போல் மனப்பாடம் செய்தார். பாரீசில் நூற்றுக்கணக்கான பக்கங்களை விளக்கி உரைத்தவர், இங்கே ஒரு வரியைத் திருத்தமாகச் சொல்வதற்குப் பள்ளிக்கூடப் பையன்களிடம் கேட்டுக் கேட்டுத் திருத்திக்கொண்டார்.

பிழைகளும் நேர்ந்தன. விசுவாசப் பிரமாணத்தில் விசுவசிக்கிறேன் என்று சொல்லவேண்டிய இடத்தில் வேணும் என்ற சொல் நுழைந்திருந்தது. நம்புகிறேன் என்பதற்குப் பதிலாக எனக்கு வேண்டும் என்று மக்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இதைக் கண்டுபிடித்ததும் சவேரியார் தம் தோழர் மான்சிலாஸ் சுவாமிக்கு எழுதி மாற்றச் சொன்னார். சேசுநாதரின் பாடுகளைப் பற்றிச் சொல்லும்போது பலவந்தத்தைக் குறிக்கும் ஒரு தமிழ்ச் சொல்லையும் நீக்கச் சொன்னார். நம் ஆண்டவர் மனமுவந்து பாடுபட்டாரேயன்றிப் பிறர் பலவந்தத்தால் அல்ல என்று காரணமும் காட்டினார். தம் பிழையை ஒளிக்காமல் திருத்திக்கொள்வது படித்தவர்களுக்கு எவ்வளவு கஷ்டமென்பது நமக்குத் தெரியும். அவருக்கோ தம் பெயரைவிட அந்த மீனவர்களின் விசுவாசம் பெரிதாயிருந்தது.

கையில் ஒரு மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாய் நடந்து பிள்ளைகளையும் பெரியவர்களையும் அழைப்பார். ஓர் ஊரில் ஒரு மாதம் தங்குவார்; நாளைக்கு இரண்டு தடவை சொல்லிக்கொடுப்பார். பிள்ளைகள் தாங்கள் கற்றதைத் தாய் தகப்பனுக்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்லிக்கொடுக்கவேண்டும். அவருக்குச் சாப்பிடவும் தூங்கவும் நேரம் விடாமல் பிள்ளைகள் மொய்த்துக்கொண்டார்கள். நோயாளிகளிடம் போகும்படி பல வீடுகளிலிருந்து அழைப்பு வந்தபோது தம்மால் போகமுடியாத இடங்களுக்கு அந்தப் பிள்ளைகளையே அனுப்பினார். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை சோர்ந்துபோகும் நாட்களும் உண்டு.

1544-ம் ஆண்டு ஜனவரி மாதம் கொச்சியிலிருந்து தம் சபையாருக்கு அவர் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அதில் பழைய பாரீஸ் நினைவு வருகிறது. ஐரோப்பாவின் சர்வகலாசாலைகளுக்கு, விசேஷமாய்ப் பாரீசுக்கு, ஓடிப்போய்ப் பைத்தியக்காரனைப் போலக் கத்தவேண்டும் என்று தமக்குத் தோன்றுவதாக எழுதுகிறார். அங்கே அறிவைத் திரட்டுகிறவர்கள் அநேகர். அந்த அறிவைக்கொண்டு யாருக்கு என்ன செய்தோமென்று கடவுள் ஒருநாள் கணக்குக் கேட்பார் என்று நினைக்கிறவர்கள் சிலரே. அவர்களுடைய சோம்பலினால் இங்கே எத்தனை ஆத்துமங்கள் கவனிப்பாரின்றிப் போகின்றன என்பதே அவர் துக்கம். பத்து வருஷத்துக்கு முன் அந்தக் கூட்டத்தில் தாமும் ஒருவராய் இருந்ததை அவர் மறந்திருக்க மாட்டார்.

முத்தும் பணமும்

அந்தக் கரையில் பணம் இல்லாமல் இல்லை. முத்து எங்கே உண்டோ அங்கே பேராசையும் உண்டு. அரசாங்க உத்தியோகத்துக்கு வந்த ஐரோப்பியர் பலர் ஏழைகளைச் சுரண்டினார்கள். போர்த்துக்கல் நாட்டிலுள்ள நண்பர் ஒருவருக்கு 1545-ம் ஆண்டில் எழுதிய கடிதத்தில் சவேரியார் இதைக் கசப்போடு சொல்கிறார். இலக்கணம் கற்ற மாணவன் ஒரு வினைச்சொல்லை எல்லாக் காலங்களிலும் எல்லா இடங்களிலும் மாற்றி மாற்றிச் சொல்வான் அல்லவா? அதுபோல இந்த உத்தியோகஸ்தர்கள் கொள்ளையிடுதல் என்ற ஒரே சொல்லை எல்லா விதத்திலும் கற்றுத் தேர்ந்திருக்கிறார்கள் என்று அவர் வியக்கிறார். உங்களுக்குப் பிரியமான எவரையும் இந்த உத்தியோகத்துக்கு அனுப்பவேண்டாம் என்றும் எச்சரிக்கிறார்.

முத்துக்குளித்துறை மக்கள் போர்த்துக்கல் அரசியின் பாதரட்சைச் செலவுக்கென்று வருஷந்தோறும் 4000 பணம் செலுத்தி வந்தார்கள். சவேரியார் அரசிக்கு எழுதி, அந்தப் பணத்தை ஊர்ப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பிக்கும் உபதேசியார்களுக்கு விட்டுக்கொடுக்கும்படி கேட்டார். அரசியும் சம்மதித்தார். ஒருவருடைய காலுக்கு அழகு சேர்த்த பணம் பல பிள்ளைகளின் அறிவுக்கு வெளிச்சமாயிற்று. பணத்தை அவர் வெறுத்தார் என்று யாரும் எண்ணவேண்டாம். அது மனிதருக்கு உதவும்படி வழி திருப்பினார், அவ்வளவே.

1544-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் வடுகர் படை கன்னியாகுமரிப் பக்கத்துக் கரையின்மேல் பாய்ந்தது. மக்கள் வீடு வாசலை விட்டுக் கடலோரப் பாறைகளில் ஒதுங்கினார்கள். வெயிலும் பசியும் தாகமும் அவர்களைக் கொன்றன. செய்தி கேட்டதும் சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளோடு உதவிக்குப் புறப்பட்டார். காற்று எதிர்த்தது, துடுப்புப் போட்டும் தோணிகள் முன்னேறவில்லை. கடல் வழி அடைபட்ட பின் கரை வழியாய்க் கால்நடையாகவே போய்ச் சேர்ந்தார். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவர்களையும், வழியில் விழுந்துபோன முதியவர்களையும் அவர் கண்டார். இல்லாதவர்களுக்கு இருக்கிற ஊரார் உதவ ஏற்பாடு செய்தார்.

இன்னொரு சம்பவம். அந்தக் கரையில் அதிகாரம் செலுத்திய ஒரு போர்த்துக்கீசத் தலைவர் சவேரியாரை மிகவும் வருத்தினவர். ஏழைகளை வருத்தினதற்காக அவரைச் சவேரியார் கண்டித்ததும் உண்டு. அந்த வருஷம் செப்டம்பர் மாதத்தில் எதிரிகள் தூத்துக்குடியில் அந்தத் தலைவரின் வீட்டையும் கப்பலையும் எரித்துவிட்டார்கள். அவர் தீவுக்கு ஓடினார். சவேரியாருக்குச் செய்தி வந்தது. அவர் உடனே மான்சிலாஸ் சுவாமிக்கு எழுதினார். தண்ணீரும் உணவும் தோணிகளில் ஏற்றிக்கொண்டு தாமதமின்றிப் போய் அந்த மனிதருக்கு உதவவேண்டும் என்பதே கட்டளை. பழைய கணக்கை அவர் எடுக்கவில்லை. தண்ணீரில்லாமல் தவிக்கிற ஒரு மனிதன். அதற்குமேல் அவருக்கு விசாரணை தேவைப்படவில்லை.

இந்த மான்சிலாஸ் சுவாமி யார்? படிப்பிலே மிகவும் பின்தங்கியவர். அவருக்குக் குருப்பட்டம் கிடைப்பதே அதனால் கஷ்டமாயிருந்தது. சவேரியாரோ அவரைத் தூர வைக்கவில்லை. கடிதத்துக்குமேல் கடிதம் எழுதி, மக்களோடு பொறுமையாய் நடக்கும்படியும், அவர்களுடைய குறைகளைத் தகப்பன் பிள்ளைகளின் குறையைச் சகிப்பதுபோல் சகிக்கும்படியும், முதலில் அவர்களுடைய அன்பைச் சம்பாதிக்கும்படியும் சொல்லிக்கொடுத்தார்.

கல்வி வீண்தானா?

இங்கே உங்களில் ஒருவர் கேட்கலாம்: அப்படியானால் படிப்பு வேண்டாமா? பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் விட்டுவிடலாமா?

சவேரியாருடைய வாழ்க்கையே பதில் சொல்லுகிறது. 1545-ம் ஆண்டில் மயிலாப்பூரில் அர்ச். தோமையார் கல்லறையருகே நான்கு மாதம் தங்கி ஜெபித்தபின், அவர் மலாக்காவுக்கும் மொலுக்காஸ் தீவுகளுக்கும் போனார். 1549-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி ஜப்பானில் இறங்கினார். அந்த நாட்டார் அறிவில் ஆசையுள்ளவர்கள். சூரியன் எப்படி ஓடுகிறது, மின்னல் எப்படி உண்டாகிறது, மழை எங்கிருந்து வருகிறது, பூமியின் வடிவம் என்ன என்று ஓயாமல் கேட்டார்கள். பாரீசில் கற்றது அப்போது கைகொடுத்தது. விடை சொல்லச் சொல்ல, அவர் சொன்ன வேதத்தையும் காதுகொடுத்துக் கேட்டார்கள். ஜப்பானுக்கு வருகிற குருக்கள் நன்றாய்ப் படித்தவர்களாயிருக்கவேண்டும் என்று அவரே இஞ்ஞாசியாருக்கு எழுதினார்.

கிழிந்த உடையோடு போனால் அங்கே கேட்பாரில்லை என்று கண்டபோது நல்ல உடை உடுத்தவும் அவர் பின்வாங்கவில்லை. 1551-ம் ஆண்டில் யாமகுச்சி நாட்டுத் தலைவரிடம் கடிகாரம், இசைப்பெட்டி, மூக்குக் கண்ணாடி முதலிய அபூர்வப் பொருள்களைக் காணிக்கையாகக் கொடுத்தார். தலைவர் மகிழ்ந்து பொன்னும் வெள்ளியும் கொடுக்க முன்வந்தார். சவேரியார் அவற்றைத் தொடவில்லை. வேதம் போதிக்க அனுமதி ஒன்றையே கேட்டு வாங்கினார்.

பார்த்தீர்களா? பட்டுடையும் அவரிடம் இருந்தது, கந்தையும் இருந்தது. தத்துவ சாஸ்திரமும் இருந்தது, தெரு மணியும் இருந்தது. எது எதிரேயிருக்கிற மனிதருக்கு உதவுமோ அதை எடுத்தார். உதவாததைக் கீழே வைத்தார். கல்வியும் செல்வமும் அவருக்கு ஏணியாக இல்லை; பிறருக்காகத் தூக்கிச் செல்லும் சுமையாக இருந்தன.

மார்பில் கட்டிய பெயர்கள்

ஜப்பானுக்குப் பின் சீன தேசத்துக்குப் போகவேண்டுமென்று அவர் விரும்பினார். அந்நியர் உள்ளே நுழையத் தடை இருந்தது. சீனக் கரைக்கு எதிரேயுள்ள சான்சியன் தீவில், தம்மை இரகசியமாய் அக்கரை சேர்க்க வாக்களித்திருந்த ஒரு வியாபாரிக்காகக் காத்திருந்தார். வியாபாரி வரவில்லை. குளிர் காலம் வந்தது. போர்த்துக்கீசக் கப்பல்கள் ஒவ்வொன்றாய்த் திரும்பின. நவம்பர் மாதத்தில் காய்ச்சல் கண்டது. 1552-ம் ஆண்டு டிசம்பர் 3-ந் தேதி, விடியுமுன், ஓலைக் குடிசை ஒன்றில் அவர் உயிர் பிரிந்தது. வயது நாற்பத்தாறு. அருகில் இருந்தவர் அந்தோனி என்ற சீனக் கிறிஸ்தவ வாலிபர். பாரீசின் ஆசிரியர், பாப்பரசரின் பிரதிநிதி, இடிந்த கோட்டையின் கடைசிப் பிள்ளை. அவர் சாகும்போது வீடுமில்லை, பதவியுமில்லை.

ஆனால் ஒரு சொத்து இருந்தது. அவர் மார்பில் ஒரு சிறு கூடு தொங்கிக்கொண்டிருந்தது. அதில் அர்ச். தோமையாருடைய திருப்பண்டம் ஒன்றும், அவருடைய வார்த்தைப்பாட்டுச் சீட்டும், இஞ்ஞாசியார் தம் கையால் எழுதிய கையெழுத்தும் இருந்தன. இதற்கு ஒரு கதை உண்டு. சில வருஷங்களுக்கு முன், மொலுக்காஸ் தீவுகளில் இருந்தபோது, ஐரோப்பாவிலுள்ள தோழர்கள் தமக்கு எழுதிய கடிதங்களிலிருந்து அவர்களுடைய பெயர்களை மட்டும் கத்தரித்து எடுத்து எப்பொழுதும் தம்மோடு வைத்துக்கொள்வதாக அவர் எழுதியிருந்தார். ஒருகாலத்தில் உயர்குடிச் சான்றும் பதவியும் தேடிய மனிதர், உலகத்தின் கடைசிக் கரையில், நண்பர்களின் பெயரை நெஞ்சில் கட்டிக்கொண்டு இறந்தார்.

அவருடைய திருச்சரீரம் 1554-ம் ஆண்டில் கோவா நகரம் வந்து சேர்ந்தது. 1622-ம் ஆண்டு மார்ச் 12-ந் தேதி, தாம் ஒருகாலத்தில் பரிகாசம் செய்த இஞ்ஞாசியாரோடு சேர்த்து, அவர் அர்ச்சியசிஷ்டவராக உயர்த்தப்பட்டார்.

நம் வீட்டுக்கு வருவோம்

அன்பார்ந்த பெற்றோர்களே, உங்கள் பிள்ளை படிக்கவேண்டும், நன்றாகப் படிக்கவேண்டும். அதற்காக நீங்கள் படும் பாடு சர்வேசுரனுக்குத் தெரியும். ஆனால் பரீட்சை என்ற ஒரே காரணத்தைச் சொல்லி, பாட்டி படுத்திருக்கிற அறைப் பக்கம் பிள்ளையைப் போகவிடாமல் செய்கிறோமா? படிப்பு நேரமென்று சொல்லி ஞாயிறு பூசையையும் ஞானோபதேச வகுப்பையும் தள்ளிவிடுகிறோமா? மதிப்பெண் எவ்வளவு என்று கேட்கிற நாம், இன்று யாருக்கு உதவினாய் என்று ஒருநாளாவது கேட்டதுண்டா? கேட்காமலே வளர்த்த பிள்ளை பெரியவனாகிப் பட்டணத்தில் உத்தியோகம் பார்க்கும்போது, கைநாட்டு வைக்கிற தகப்பனைத் தன் நண்பர்களுக்குக் காட்ட வெட்கப்பட்டால், குற்றம் அவனுடையது மட்டுமா?

வாலிபரே, பெண்மக்களே, நீங்கள் கற்றது உங்களுடையது மட்டுமல்ல. உங்கள் தெருவில் கணக்கு வராமல் அழுகிற ஒரு சிறுவன் இருக்கிறான். வங்கியிலிருந்து வந்த கடிதத்தைப் படிக்கத் தெரியாமல் கையில் வைத்துக்கொண்டிருக்கிற ஒரு விதவை இருக்கிறாள். அவர்களிடம் போவதற்குக் கப்பலும் வேண்டாம், பதின்மூன்று மாதமும் வேண்டாம்.

வசதி படைத்தவர்களே, அரசியின் பாதரட்சைப் பணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டுச் செலவுகளிலும் அப்படிப்பட்ட பணம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். அதற்கு வேறு வழி திருப்பினால் ஒரு பிள்ளையின் புத்தகத்துக்கு ஆகும்.

வருகிற வாரத்தில் ஒரு காரியம் செய்வோம். இரவு ஜெபம் முடிந்ததும் ஒரு தாளை எடுத்து, இந்த வருஷத்தில் நம் குடும்பத்தின் உதவியைப் பெற்றவர்களுடைய பெயர்களை எல்லாருமாய்ச் சேர்ந்து எழுதுவோம். சம்பளம், பட்டம், நிலம், நகை ஒன்றும் எழுதவேண்டாம். மனிதர் பெயர் மாத்திரம். தாள் நிறைந்தால் கடவுளுக்கு நன்றி சொல்லுவோம். வெறுமையாய் இருந்தால் கலங்கவேண்டாம். சவேரியாரும் முப்பது வயதுக்குக் கிட்டத்தான் விழித்துக்கொண்டார். அந்த வெறுந்தாளைச் சுரூபத்தின் கீழே வைத்துவிட்டு, மறுநாள் காலையில் ஒருவரைத் தேடிப் போவோம்.

அர்ச். பிரான்சிஸ்கு சவேரியாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.